மழையில் மெட்டல் டிடெக்டர்: பை கிழியாமலேயே உள்ளே ஈரம் வந்தது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக, நிலத்துக்கு உரியவர்களிடம் அனுமதி பெற்று, அறுவடை முடிந்த வயல்களிலும் புல்வெளிகளிலும் மெட்டல் டிடெக்டருடன் தேடி வருகிறேன். என்னிடம் உள்ள கருவியில், தரையை ஒட்டி அசைத்துத் தேடும் கம்பிச்சுருள் தலையான ‘காயில்’ மட்டுமே நீர்புகாதது. திரையும் பொத்தான்களும் உள்ள கண்ட்ரோல் பாக்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சென்ற வாரம் தேடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. உடனே கண்ட்ரோல் பாக்ஸின் மீது தடித்த பாலித்தீன் பையைக் கவிழ்த்து, ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்று பையின் வாயைத் தண்டோடு சேர்த்து ரப்பர் பேண்டால் இறுகக் கட்டிவிட்டுத் தொடர்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதைப் போலத் திரையின் உட்பக்கம் மங்கி, எண்களே தெரியாமல் போயின. அவிழ்த்துப் பார்த்தால் பையின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர்த்துளிகள். பை எங்கும் கிழியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதில் நீர் நிரப்பியே சோதித்துவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புல் நனைந்த பிறகு, காயில் அதில் உரசும்போதெல்லாம் சிக்னல் வந்தது. ஏழெட்டு இடங்களில் தோண்டியும் ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை. கருவியை இப்போது அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும், இனி மழையில் எப்படி மூட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

நண்பரே, முதல் வேலையாக அரிசியிலிருந்து கருவியை வெளியே எடுங்கள். அரிசி மிகக் குறைவாகவே ஈரத்தை இழுக்கும். அதன் தவிடும் மாவும் சாக்கெட்டுகளிலும் பொத்தான் இடுக்குகளிலும் புகுந்து, ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். பேட்டரிகளை இன்னும் கழற்றவில்லை என்றால் இப்போதே கழற்றிவிடுங்கள். வெறும் ஈரம் செய்யும் கேட்டைவிட, மின்சாரம் ஓடும் சர்க்யூட்டின் மீது படிந்த ஈரம் செய்யும் கேடு பன்மடங்கு அதிகம். செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிக்கப்படுவது பெரும்பாலும் அப்படித்தான். பேட்டரி மூடியைத் திறந்தபடியே, மின்விசிறிக் காற்று படும் நிழலான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். பிறகு மூடி இறுகிய டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகளுடன் இரண்டு மூன்று நாள்கள் இருக்கட்டும். ஹேர் டிரையரின் சூடான காற்றைப் பாய்ச்ச வேண்டாம். அது பிளாஸ்டிக்கை வளைக்கக்கூடும். ஈரத்தையும் வெளியேற்றாமல் இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இனி, கிழியாத பைக்குள் நீர் எப்படி வந்தது என்பதற்கு வருவோம். மழை உள்ளே வரவில்லை. நீங்கள் கட்டிவைத்த காற்றில் இருந்த ஈரம்தான் அது. கருவி இயங்கும்போது சற்றுச் சூடாகிறது, ஈரக் கையாலும் மழைநேரக் காற்றாலும் பைக்குள் ஈரப்பதம் ஏறுகிறது, வெளியே மழை பட்டுப் பாலித்தீனும் திரைக் கண்ணாடியும் குளிர்கின்றன. குளிர்ந்த பரப்பைத் தேடித்தான் ஆவி படியும்.

திரையின் உட்பக்கத்துக்கு அது எப்படிப் போனது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வெயிலில் நின்ற காரிலிருந்து 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடுத்த கருவி மழையில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், பாக்ஸுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று பொத்தான் ஓரங்கள் வழியாகவும் ஹெட்போன் சாக்கெட் வழியாகவும் ஈரத்தோடு உறிஞ்சப்படும். நீர்புகாத் தகுதி இல்லாத பாக்ஸ் ஒவ்வொன்றும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஆகவே பையைக் குடையாக நினையுங்கள், பெட்டியாக அல்ல. மேற்புறமும் பக்கங்களும் மூடியிருக்கட்டும், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். நான் பல ஆண்டுகளாகக் குளியலறையில் தலைக்கு அணியும் எலாஸ்டிக் உறையைத்தான் மாட்டி வருகிறேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பொத்தான்களை அதன் மேலிருந்தே அழுத்தலாம், ஈரக்காற்றும் கீழ்வழியே போய்விடும். ஹெட்போன் ஒயர் சாக்கெட்டுக்குள் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறுமாறு வளைத்துவிடுங்கள். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்கு ஏறாது.

இரண்டாம் பதில்

ஈரத்தைப் பற்றி ஐயா சொன்னவற்றுக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பொய்ச் சிக்னலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காயிலின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? கவருக்கும் காயிலுக்கும் இடையில் மாதக்கணக்கில் சேர்ந்த மண், மழைநீர் பட்டதும் சேறாகி, அசைக்கும்போதெல்லாம் அங்குமிங்கும் நகரும். இரும்புத்தாது கலந்த மண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கழற்றிக் கழுவி, இரண்டையும் முழுக்க உலரவைத்த பின் மாட்டுங்கள்.

அதன் பிறகும் சத்தம் வந்தால், உலோகப் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் காயிலைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் மீது ஒரு குவளை குழாய்நீரை ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும்போது கருவி அலறினால், காயிலைச் சுற்றியுள்ள மின்புலத் தடுப்புப் பூச்சில் குறை இருக்கலாம். ஈரப் புல் காயிலுக்கு மிக அருகில் வரும்போது சுருளின் மின்தேக்கத்தை (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தன்மையை) மாற்றுகிறது. அதைத் தடுக்கத்தான் உள்ளே மின்கடத்தும் பூச்சு ஒன்று வைக்கிறார்கள். நீர் ஊற்றியும் அமைதியாக இருந்து, ஒயரை ஆட்டினால் மட்டும் சத்தம் வந்தால், குற்றவாளி ஒயரோ இணைப்பானோதான். தண்டில் தளர்ந்து தொங்கும் ஒயரை நெருக்கமாகச் சுற்றி நாடாவால் கட்டினாலே பாதிப் பொய்ச் சிக்னல் நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கருவியில் குறையே இல்லாமலும் இது நேரலாம். ஈரம் ஏறிய மண் காய்ந்த மண்ணைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால், காலையில் செய்த கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாமல் இருக்கச் செய்யும் சரிப்படுத்தல்) மழைக்குப் பின் செல்லாது. மறுபடி செய்து, சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) ஓரிரு படி குறையுங்கள். உப்பு ஈரமுள்ள கடற்கரை மணலில் இது பெருந்தொல்லை. ஒற்றை அலைவெண்ணில் இயங்கும் கருவிகள் அங்கே ஓயாமல் கத்தும்.

மூன்றாம் பதில்

மழையில் தொடர்ந்து தேடுவதாக இருந்தால் உறை, நாடா என்று போராடாமல் நீர்புகாத கருவிக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து. காரெட் ஏடி புரோவும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-ம் 3 மீட்டர் ஆழம் வரை மூழ்கலாம். எக்ஸ்பி டியூஸ் 2, 20 மீட்டர் வரை. ஆனால் அவற்றையும் கவலையின்றிக் கையாள முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். சில கருவிகளில் காணும் ஐபி67 என்ற நீர்த்தடுப்புத் தர எண்ணுக்கு, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய்நீரை அது தாங்கும் என்று அந்த எண் சொல்லவில்லை. மூடியை நீர்புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரே ஒரு மணல்துகள் போதும், நீர் உள்ளே வழி கண்டுபிடித்துவிடும். பேட்டரி மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதைத் துடைத்துச் சிலிகோன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுகிறேன். சில வகை ரப்பரை ஊதச்செய்யும் என்பதால் வாசலின் தடவுவதில்லை. சார்ஜ் செய்யும் முனைகள் நன்றாக உலரும் முன் கேபிளைச் செருகாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து முனைகள் கறுத்துப் போன ஒரு கருவி என் அலமாரியில் இன்னும் கிடக்கிறது.

இடி கேட்டால் மட்டும் எந்த ஐபி எண்ணையும் பார்க்க வேண்டாம். திறந்த வெளியை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட்டு, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத் திரும்புங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நான்கு நாள்கள் உலரவைத்த பிறகு திரை தெளிவாகிவிட்டது; பேட்டரி முனை ஒன்றில் மட்டும் பச்சை பூத்திருந்ததை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுத்தேன். காயில் கவரைக் கழற்றியபோது ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் செம்மண் சேறு கிடைத்தது. அருகில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனதும் காய்ந்த துகள்கள் மயிர்க்கூச்செறிவதைப் போல எழுந்து ஒட்டிக்கொண்டன. நீர் ஊற்றிச் சோதித்ததில் கருவி வாய் திறக்கவில்லை. வீட்டில் இருந்த எலாஸ்டிக் தலையுறையைக் கேட்காமல் எடுத்துவிட்டதால், இப்போது புதிதாக இரண்டு வாங்க வேண்டியிருக்கிறது.