சும்மா சளிதானேன்னு நெனச்ச புள்ளைங்களுக்கு ஆன்டிவைரல் (வைரஸுக்கு எதிரான மருந்து): உங்க அனுபவம் சொல்லுங்க

வைட்ஃபீல்டு அம்மா:
பையனுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல, ஒரு நோய் நொடி கிடையாது. போன ஜூலை மழையில டேகேர்ல ஒட்டிக்கிட்டு வந்த ஜுரம் 104 தொட்டுச்சு, ராத்திரி பாத்தா மூச்சு விடுறப்ப நெஞ்சுக்குழி உள்ள போயி போயி வருது, அப்படியே ஆட்டோ புடிச்சு எமர்ஜென்சிக்கு ஓடிட்டோம். மூக்குல ஸ்வாப் எடுத்த கையோட ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒசெல்டாமிவிர் சிரப் ஆரம்பிச்சுட்டாங்க. என் மாமியாருக்கு ஒரே பயம், "பன்னிக்காய்ச்சல் மருந்த பச்சப்புள்ளைக்கு எதுக்குமா?"ன்னு. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க, செல்லுக்குள்ள பெருகுன வைரஸ் வெளிய வந்து அடுத்த செல்லுக்குப் பரவாம தடுக்குறதுதான் இதோட வேலை, அதனால முதல் 48 மணி நேரத்துக்குள்ள குடுத்தா பலன் ஜாஸ்தி, ஆனா அட்மிட் ஆகுற அளவுக்கு முடியலன்னா லேட்டானாலும் குடுப்போம்னு. ஆரோக்கியமான புள்ளையா இருந்தாலும் ரெண்டு வயசுக்குள்ள ஃப்ளூ வந்தா ரிஸ்க் லிஸ்ட்தானாம். 11 கிலோ இருந்தான், வேளைக்கு 30 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், அஞ்சு நாள். முதல் டோஸ் அப்படியே வாந்தி, அப்புறம் கொஞ்சம் தயிர்சாதம் ஊட்டிட்டு குடுத்தா நின்னுச்சு. ரிப்போர்ட்ல இன்ஃப்ளூயன்ஸா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ்ல ஒரு வகைன்னு வந்துச்சு.

ஹெப்பால் அப்பா:
எங்க பொண்ணுக்கு வந்தது அடினோவைரஸ் சிஸ்டர், பிஐசியு (குழந்தைங்க ஐசியு) வரைக்கும் போச்சு. நெட்ல சிடோஃபோவிர்னு ஒரு மருந்து படிச்சுட்டு அதக் குடுங்கன்னு கேட்டேன். அது கிட்னிய அடிக்குற மருந்து, கூடவே கிட்னிய காப்பாத்த புரொபெனிசிட்னு ஒரு மருந்தும் குடுத்து நிறைய சலைனும் ஏத்தணும், எலும்பு மஜ்ஜை மாத்துன மாதிரி எதிர்ப்பு சக்தி கொறஞ்ச புள்ளைங்களுக்குத்தான் பெரும்பாலும் யூஸ் பண்றோம், நல்லா இருந்த குழந்தைக்கு ரொம்ப மோசமானாதான் யோசிப்போம்னாங்க. தெனமும் கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பாத்துக்கிட்டே காத்திருந்தோம், மூக்கு வழியா வேகமா குடுக்குற ஹை ஃப்ளோ ஆக்சிஜன்லயே தேறிட்டா. அந்த மருந்து கடைசி வரைக்கும் தேவைப்படல.

கோரமங்களா அத்தை:
என் தம்பியோட பாப்பாவுக்கு ஆர்எஸ்வி, அதுவும் சளி, மூச்சுத்திணறல் குடுக்குற ஒரு வைரஸ்தான். அதுக்கு வழக்கமா குடுக்குற ஆன்டிவைரலே இல்லையாம்பா. ஆக்சிஜன், மூக்குச்சளி உறிஞ்சி எடுக்குறது, மூக்கு வழியா டியூப் போட்டு பால், அவ்ளோதான். ஆளுக்கு ஆள் ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிச்சாங்க, டாக்டர் அசையல.

வைட்ஃபீல்டு அம்மா:
அதான் நானும் சொல்றேன், எந்த வைரஸ்னு தெரியாம இன்னொருத்தர் வீட்டு பிரிஸ்கிரிப்ஷன பாத்து சிரப் வாங்கிடாதீங்க. இப்ப சின்னவளுக்கு ஆறு மாசம் ஆச்சு, ஃப்ளூ ஊசி முதல் தடவைன்னா நாலு வாரம் விட்டு ரெண்டு டோஸ் போடணும்னாங்க. மாரத்தஹள்ளி பக்கம் எங்க ஸ்டாக் இருக்கு, யாராச்சும் சொல்லுங்களேன்?