கீறிய இலையும் கீறாத இலையும் ஒரே மாதிரி ஒளிர்கின்றன, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, தக்காளி இலையிலிருந்து தானாக வரும் மிக மங்கலான ஒளியை அளந்துகொண்டிருக்கிறேன். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகக் குழுவினர் 2025இல் வெளியிட்ட படங்களில், இலையின் வெட்டுப்பட்ட இடம் மற்ற பகுதியைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன். அந்த மாதிரி கேமரா எங்களிடம் இல்லை. ஒளித்துகளை எண்ணும் பழைய ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் ஒன்றும், நானே தகரத்தில் செய்த இருட்டுப்பெட்டியும்தான் இருக்கின்றன.

காலிப் பெட்டியில் நொடிக்கு 30 எண்ணிக்கை. இலையை வைத்ததும் 8,000க்கு எகிறுகிறது, பத்து நிமிடத்தில் சில நூறுக்கு இறங்குகிறது. பிளேடால் கீறினாலும் கீறாவிட்டாலும் இதே கதை. மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். ஒளிக்கசிவா, குழாய் கெட்டுவிட்டதா?

பதில் 1

கசிவாக இருந்தால் காலிப் பெட்டியிலும் காட்டியிருக்கும், இப்படி இறங்கவும் இறங்காது. நீங்கள் பார்ப்பது பச்சையத்தின் தாமத ஒளிர்வு. வெளிச்சத்தில் பிரிந்த மின்னேற்றங்களில் ஒரு பங்கு இருட்டில் திரும்பச் சேரும்போது இலை சிவப்பாக ஒளிர்கிறது. 1951இல் ஸ்ட்ரெலரும் அர்னால்டும் இதைக் கண்டார்கள். மின்மினிச் சாற்றைக் கொண்டு ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அளக்கப் போனவர்களுக்கு, அந்தச் சாறு இல்லாமலே பச்சையம் ஒளிர்வது தெரிந்தது.

காயத்தால் வருவது வேறு ஒளி. வீரியம் மிக்க ஆக்சிஜன் செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது, அதில் கிளர்ந்த மூலக்கூறுகள் அடங்கும்போது வெளிப்படுகிறது. நம் கண்ணுக்கு எட்டும் அளவைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மங்கல். 8,000க்கு நடுவே அது எப்படித் தெரியும்? செடியை முழு இருட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஒரு நல்ல சேதி: 8,000 காட்டியதால் உங்கள் குழாய் சிவப்பை உணர்கிறது என்பது உறுதி. எல்லாக் குழாயும் உணராது.

பதில் 2

தம்பி, இலைக்கு அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள்? அறை விளக்குப் பட்ட வெள்ளைத் தாளும் சில பிளாஸ்டிக்கும் இருட்டில் கொஞ்ச நேரம் ஒளிரும். நான் இதில் ஒரு பருவத்தையே இழந்திருக்கிறேன். தாளை மட்டும் வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.

அப்புறம், கீறுவதற்காக டார்ச் அடித்தால் இரண்டு மணி நேரக் காத்திருப்பு வீண். பச்சை விளக்கும் வேண்டாம். இலையை முன்பே சட்டத்தில் பொருத்திவிட்டு, இருட்டில் கையால் தடவிக் கீறுங்கள். மூடியைத் திறக்கும் முன் குழாயின் மின்னழுத்தத்தை அணைக்க மறக்காதீர்கள்.

கேட்டவர்

அக்கா சொன்னது சரி. வெறும் வடிதாளே 400 காட்டியது! அதை எடுத்துவிட்டுக் கறுப்புத் தகடு வைத்தேன். இரண்டு மணி நேர இருட்டுக்குப் பிறகு, கீறாத இலை 45இல் நின்றது. கீறிய இலை மெல்ல ஏறி 110 வரை போனது. ஐந்து இலையிலும் இப்படியே.

சந்தேகம் தீர, ஆக்சிஜனை விலக்கக் கீறிய இலைமேல் நைட்ரஜன் செலுத்தினேன், 50க்கு இறங்கியது. காற்றை விட்டதும் திரும்ப ஏறத் தொடங்கியது.