டிரெயினிங்: பயிற்சியா, பழக்குதலா?

> மெஷின் லேர்னிங்குக்கு 'இயந்திரக் கற்றல்' நிலைத்துவிட்டது. அதில் வரும் டிரெயினிங்குக்குப் 'பயிற்சி' போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளுக்குப் போதும். ஆசிரியர் பயிற்சி, காவலர் பயிற்சி என்னும்போது பயில்பவர் ஒருவர் இருக்கிறார். மாடல் (தரவிலிருந்து கற்கும் கணினி நிரல்) தானாகப் போய் எதையும் பயில்வதில்லை; நாம்தான் தரவைக் கொட்டி வழிக்குக் கொண்டுவருகிறோம். 'மாடலுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று படித்தாலே எனக்கு அரசு அறிக்கை வாசனை அடிக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தையும் பாருங்கள். லத்தீனில் 'டிராஹெரே' என்றால் இழுப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தரையில் புரளும் அங்கியின் வால், வரிசையாக இழுபடும் ரயில் பெட்டிகள் எல்லாம் அதே சொல்தான். கொடியையும் கிளையையும் வேண்டிய பக்கம் இழுத்து வளர்ப்பதை 15ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்குக் கற்பிப்பது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது.

நம்மிடம் அதற்கு ஏர் மாடு இருக்கிறது. புதுக் காளையைப் பழகின மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டி, கலப்பையில் பூட்டுவதற்கு முன் வெறும் கட்டையை இழுக்க விடுவார்கள். பென்னாகரம் பக்கம் யாரும் மாட்டுக்குப் பயிற்சி அளிப்பதில்லை, பழக்குகிறார்கள். ஆகவே என் ஓட்டு: மாடலைப் பழக்கு.

அப்புறம், புரூனிங்குக்கு 'கத்தரித்தல்' எதற்கு? ஓசூர் ரோஜாவுக்கும் கிருஷ்ணகிரி மாமரத்துக்கும் செய்வது கவாத்து. சிப்பாய்களின் டிரில்லுக்கும் கவாத்து என்றே பெயர். அந்தப் பொருளில் அது அரபி மூலம் கொண்டது. செடிக்கும் சிப்பாய்க்கும் ஒரே சொல் ('டிரெயின்' போல) என்பது ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்ததல்ல! நியூரல் நெட்வொர்க்கில் (மாடலுக்குள் இருக்கும் இணைப்புப் பின்னலில்) பயன் குறைந்த இணைப்புகளை வெட்டி மாடலைச் சிறிதாக்குவதற்கு இது அப்படியே பொருந்தும்.

> மாடலைப் பழக்கு

வினை சரிங்க அண்ணா, பெயர்ச்சொல்லுக்கு என்ன செய்வது? 'மாடலின் பழக்கம்' என்று எழுதினால் அது காலையில் காபி குடிக்குமா என்று கேட்பார்கள். டிரெயினிங் டேட்டாவுக்கும் ஒன்று வேண்டும்.

> டிரெயினிங் டேட்டாவுக்கும்

பழக்கம் வேண்டாம் தம்பி, செயலுக்குப் 'பழக்குதல்' என்றே வைப்போம். டேட்டாவுக்குப் 'பழக்குதரவு'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை என்பதால் நடுவில் 'த்' வராது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றுபவர் பழக்கதோஷத்தில் போட்டுவிட வேண்டாம். டெஸ்ட் டேட்டா 'சோதனைத் தரவு' என்றே இருக்கட்டும், அதில் யாருக்கும் தகராறு இல்லை.