வெண்தலை, முறிநுரை, எஞ்சுநுரை: ஒரு முன்மொழிவு

ஐயா, வணக்கம். 'வொயிட்கேப்' (whitecap) என்ற ஆங்கிலக் கடலியல் சொல்லுக்குத் தமிழில் தாங்கள் பரிந்துரைத்த 'கடல்நுரை' எளிய சொல்தான். ஆனால் கரையில் ஒதுங்கிக் கிடப்பதும் கடல்நுரையே. நமக்கு வேண்டியது, காற்று நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தை எட்டியதும் திறந்த கடலில் அலைமுகடு உடைந்து தோன்றும் வெள்ளைத் திட்டுக்கான பெயர். சங்கப் பாடலிலேயே 'வெண்தலைப் புணரி' என்ற தொடர் இருக்கிறது. எனவே ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் 'வெண்தொப்பி' வேண்டாம், 'வெண்தலை' என்றே வைத்துக்கொள்வோம். கடற்பரப்பில் அது மூடியிருக்கும் பங்கு 'வெண்தலைப் பங்கு'.

இதற்குள்ளேயே இன்னொரு வேறுபாடும் உண்டு. அதை நாம் விட்டுவிடக் கூடாது. அலை உடையும் சில நொடிகளில் காற்று குமிழ்களாக நீருக்குள் அமிழ்கிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி, குமிழிலுள்ள வாயு நீரில் கரைகிறது. மேலெழும் குமிழ் நீரில் கரைந்திருந்த வாயுவை வெளியே கொண்டுவரவும் செய்யும். நீரில் எளிதில் கரையாத வாயுக்களுக்கே இந்த வழி பெரிதும் பயன்படுகிறது. ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இதன் பங்கு கணிசமானது. கடலிலிருந்து வெளிவரும், நன்றாகக் கரையும் வாயுவான டைமெத்தில் சல்பைடுக்கு மிகக் குறைவு. உடைந்து முடிந்தபின் மிதந்து மறையும் நுரை, கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான இந்த வாயுப் பரிமாற்றத்துக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஆகவே அலை உடையும்போது எழும் நுரையை 'முறிநுரை' என்றும் பின்னர் மிதந்து மறைவதை 'எஞ்சுநுரை' என்றும் பிரிக்கலாம்.

செயற்கைக்கோள் தரவைப் படிக்கவும் இந்தப் பிரிவு தேவை. 2003இல் ஏவப்பட்ட கோரியோலிஸ் செயற்கைக்கோளின் வின்ட்சாட் கருவி, கடல் உமிழும் நுண்ணலைகளை அளந்தது. நுரையின் உமிழ்திறன் வெறும் நீரைவிட மிக அதிகம் என்பதால் நுரை படர்ந்த இடம் பளிச்சென்று தெரியும். 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மெல்லிய நுரையையும் உணரும். 10 கிகாஹெர்ட்ஸுக்குத் தடித்த நுரை வேண்டும். தடித்தது பெரும்பாலும் முறிநுரை. இரண்டையும் 'நுரை' என்று மட்டும் எழுதினால், வாயுப் பரிமாற்றத்தைக் கணக்கிடுபவர் எதை எடுத்துக்கொள்வார்?

1980இல் வெளியான, இன்றும் புழங்கும் சமன்பாடு வெண்தலைப் பங்கைக் காற்றின் வேகத்தை மட்டும் வைத்தே சொல்கிறது. அதன்படி வெண்தலைப் பங்கு, காற்றின் வேகத்தின் 3.41ஆம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஆனால் ஒரே காற்றிலும் அலையின் வளர்ச்சி, நீரின் வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்து நுரை மாறும். கடல் முழுவதும் அந்த மாற்றத்தைக் காட்டவல்லது செயற்கைக்கோள்தான்.

கடலுக்கும் காற்றுக்கும் இடையே வாயு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் 'வாயுப் பரிமாற்ற வேகம்' என்ற சொல் அப்படியே இருக்கட்டும். அதன் அலகு மணிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்பதால் 'வீதம்' பொருந்தாது. நீருக்குள் இறங்கும் குமிழ்க் கூட்டத்துக்குக் 'குமிழ்த்திரள்' போதுமா, 'குமிழ்த்தாரை' வேண்டுமா என்பதைத் தாங்களும் மற்ற அன்பர்களும் சொல்லுங்கள்.