மறுமொழி: ‘பால் இறக்கம்’ வேண்டாம், ‘பால்பாய்வு’ சரிவரும்

அன்பு நண்பர்களுக்கு,

பாலூட்டும்போது மார்பிலிருந்து பால் தானாகவே பாய்ந்து வருகிற தெறிவினைக்கு (ஆங்கிலத்தில் let-down reflex) அகராதிக்காகத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு கிழமையாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று கோவை ஐயா ‘பால் இறக்க அனிச்சை என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்’ என்று எழுதியதைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கொழும்பில் தாதியருக்கும் குடும்பநல மாதருக்கும் தமிழில் வகுப்பெடுப்பவள் நான். அந்தச் சொல்லை வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன், சரிவரவில்லை.

‘பால் இறங்குதல்’ எங்கள் தாய்மாரிடம் ஏற்கெனவே இருக்கிற சொல், ஆனால் வேறொன்றுக்கு. பிள்ளை பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நச்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் சடாரென்று குறைவதால் பிறகு பால் பெருகி மார்பு கனக்கும். அதைத்தான் ‘மூன்றாம் நாள் பால் இறங்கிச்சு’ என்கிறார்கள். அது ஒரு பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தடவை நடப்பது. நாங்கள் பெயர் தேடுகிற தெறிவினையோ (அனிச்சைச் செயலோ) ஒவ்வொரு தடவை பாலூட்டும்போதும், ஒரே தடவைக்குள்ளேயே பல முறையும் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘பால் இறங்கிச்சா?’ என்று கேட்கிற மாணவிக்கு எதைக் கேட்கிறோம் என்று தனக்கே தெரியாது.

இது சொல் சண்டை மட்டும் என்று நினைப்பவர்களுக்காகப் போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கிளினிக், முதல் பிள்ளைக்காரி, ஒன்பதாம் நாள். வீட்டில் அரை மணித்தியாலம் பம்ப் பிடித்தும் போத்தலின் அடி மட்டும்தான் நனைந்ததாம். ‘எனக்குப் பால் இல்லை மிஸ்ஸி, பால்மா வாங்கட்டா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாங்கில் வேறு யாருடையவோ பிள்ளை வீரிட்டு அழுதது. இவளுடைய சட்டையில் வலப்பக்கம் ஒரு நாணயக் குற்றியளவு ஈரம் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்க உள்ளங்கையளவானது. ‘பால் இல்லாட்டி இது என்ன பிள்ளை?’ என்றேன். அவளுக்கு வெட்கம், சிரிப்பு, கொஞ்சம் அழுகையும். பக்கத்தில் நின்ற என் மாணவி அதற்குள் கொப்பியில் ‘பால் சுரப்பு இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டாள்.

அவளிலும் பிழை சொல்ல முடியாது. தமிழில் ‘சுரத்தல்’ இரண்டு வேலையையும் செய்கிறது. பால் உண்டாவதும் சுரத்தல், கன்று முட்டியதும் மடியிலிருந்து இறங்கி வருவதும் சுரத்தல். உடலிலோ இவை இரண்டும் வேறு வேறு. மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியின் முன்சோணையிலிருந்து வரும் புரோலக்ரின் என்ற ஓமோன் மார்பிலுள்ள சிற்றறைகளின் கலங்களை (செல்களை) பால் ஆக்க வைக்கிறது. பின்சோணையிலிருந்து வரும் ஒட்சிரோசின் என்ற ஓமோன் அந்தச் சிற்றறைகளைக் கூடை பின்னியதுபோலச் சுற்றியிருக்கிற தசைமேலணிக் கலங்களைச் சுருங்க வைத்து, ஆகியிருக்கும் பாலைக் கானுக்குள், அதாவது காம்புக்குப் போகும் குழாய்க்குள், தள்ளுகிறது. முதலாவதுக்குக் காம்பு தூண்டப்பட வேண்டும், பால் எடுபடவும் வேண்டும். எடுபடாத பாலே ஆக்கத்தைக் குறைத்துவிடும், இறைத்த கிணறு ஊறும் என்ற கதைதான். இரண்டாவதுக்குப் பிள்ளையின் மணமோ, அழுகையோ, நினைப்போகூடப் போதும். நோவும் பயமும் மாமியார் பக்கத்தில் நின்று பார்ப்பதும் அதைத் தடுத்துவிடும். அன்று அந்தப் பெண்ணுக்குத் தடைப்பட்டிருந்தது பின்னது. பிளாஸ்டிக் பம்ப்பைப் பார்த்து யாருக்குத்தான் இரக்கம் வரும்?

ஆகவே ஒரு சோடிச் சொல் வேண்டும். புரோலக்ரின் பக்கத்துக்கு ‘பாலூறல்’ என்று வைத்தால் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன். சிக்கல் மற்றதில்தான்.

மதுரை அக்கா திருப்பாவையின் 12 ஆம் பாட்டைக் கொண்டுவந்தது அருமை. கன்றை நினைத்த மாத்திரத்தில் எருமையின் முலைவழியே பால் நின்று சோர்கிறது என்று ஆண்டாள் சொன்னதை எந்தப் பாடநூலிலும் அப்படியே போடலாம். ஆனால் ‘பாற்சோர்வு’ என்று பலகையில் எழுதினேன், பின்வாங்கிலிருந்து ‘பால் குறைஞ்சு போறதா மிஸ்?’ என்று ஒரு பிள்ளை கேட்டாள். ‘சோர்’ இன்றைக்குக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டது, என்ன செய்ய. ‘பாற்சொரிவு’ம் அழகுதான், எழுத்தில் இடையின ரகரம் காப்பாற்றும். காதால் கேட்கிற தாய் சொறி கடி என்று நினைப்பாள், காம்பில் பங்கசு (பூஞ்சை) பிடித்து உண்மையிலேயே கடிப்பவர்களும் இருப்பதால் அந்தக் குழப்பம் வேண்டாம். ‘உமிழ்’ போட்டால் பிள்ளை கக்குவதோடு கலக்கும். ‘பீச்சல்’ என்று எழுதியவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும், வயிற்றோட்டத்துக்கு மருந்து தருவார்கள். ‘வெளியேற்றம்’ பொருளுக்குச் சரி, ஆனால் கழிவை வெளியேற்றுகிற தொனி அதில் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

என்னுடன் வேலை செய்யும் சிங்களத் தாதி இதற்கு ‘கிரி எரெனவா’ என்பாள், அம்மாமார் வாயில் இருக்கிற சொல். அப்படி ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்றுதான் ‘பால் பாயுது’ என்று சொல்லிப் பார்த்தேன். கிளினிக்கில் ஒருத்தரும் என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே பால்பாய்வு. ‘பாய்ச்சல்’ வேண்டாம், அது குருதிப் பாய்ச்சல்போல எந்த ஓட்டத்துக்கும் பொதுவாகிவிட்டது. பின்னொட்டை நாங்கள் தெறிவினை என்போம், நீங்கள் அனிச்சை என்று போட்டுக்கொள்ளுங்கள், முன்பாதி ஒன்றாயிருந்தால் போதும்.

அப்புறம் ‘பால் நாளம்’. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். தமிழகத்தில் நாளமில்லாச் சுரப்பி என்று படித்தவர்களுக்கு நாளம் ஒரு குழாய். இங்கே பாடசாலையிலேயே இதயத்திலிருந்து போவது நாடி, இதயத்துக்கு வருவது நாளம் என்று மனனம் செய்தவர்கள் நாங்கள். பால் நாளம் என்றால் இரத்தத்தைத்தான் தேடுவோம். பித்தக்கான் இருக்கிறது, அதே வரிசையில் பாற்கான் இருக்கட்டும்.

‘பாற்குடா’வைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. காம்புக்குக் கீழே கான்கள் பை மாதிரி விரிந்து பாலைச் சேர்த்து வைப்பதாகப் பழைய படங்களில் இருக்கும். ஆங்கிலேய சத்திரசிகிச்சை வைத்தியர் ஆஸ்லி கூப்பர் 1840 இல் வெளியிட்ட படங்கள் இறந்த பெண்களின் கான்களுக்குள் உருகிய மெழுகைச் செலுத்திப் பார்த்தவை. 2005 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் பாலூட்டும் தாய்மாரை ஸ்கான் பண்ணிப் பார்த்தபோது அந்தப் பையைக் காணவில்லை. கான்கள் சுமார் 2 மில்லிமீற்றர் அகலந்தான், காம்புக்குக் கிட்டவே கிளைக்கின்றன. பால் பாயும்போது விரிகின்றன, எடுபடாத பால் பின்னோக்கிப் போனதும் மறுபடி ஒடுங்குகின்றன. 15 முதல் 20 வரை என்று நாங்கள் பாடமாக்கிய, காம்பில் திறக்கும் கான் வாய்களும் சராசரி ஒன்பதாகிவிட்டன. கூப்பரைக் குறை சொல்ல முடியாது, மெழுகு தள்ளினால் எந்தக் குழாயும் உப்பும்.

பையே இல்லை என்றால் பால் சிற்றறையில்தான் கிடக்கிறது, பாயாவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது சில சொட்டுத்தான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை அழுத்தி ‘பையைக் காலியாக்கு’ என்று சொல்லிக்கொடுத்த தலைமுறையில் நானும் ஒருத்தி, எத்தனை பேருக்கு நோக நோக அழுத்தினேனோ. பாற்குடா அகராதியில் இருக்கட்டும், பழைய நூல் வாசிப்பவருக்குத் தேவைப்படும். பக்கத்தில் ‘பழைய கருத்து’ என்று ஒரு குறிப்பு போடுங்கள். படத்தில் அம்புக்குறி போட்டு எழுத வேண்டாம்.

தாய்மாருக்கான எங்கள் துண்டுப்பிரசுரம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: ‘பிள்ளை சூப்பத் தொடங்கி ஒரு நிமிடமளவில் பால் பாயும். மார்பு கூசலாம், மற்றப் பக்கம் சொட்டலாம், முதல் நாட்களில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். ஒன்றும் தெரியாமலும் பாயலாம். பிள்ளை மடக்கு மடக்காக விழுங்குகிறதா என்று பாருங்கள்.’ ‘கூசலாம்’ மட்டக்களப்பில் எப்படிக் கேட்கும் என்று அந்தப் பக்கத்தார் யாராவது புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். ஊசி குத்துகிறதுபோல என்று எழுதினால் பயந்துவிடுவார்கள்.