டிசைன் படிக்கும்போது உங்களைத் திருத்திய ஆள் யார்?

சேலத்துக்காரன்

என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. ஜனவரியில் யூசீட் (ஐ.ஐ.டி. டிசைன் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதுகிறான், என்.ஐ.டி. (தேசிய டிசைன் நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறான். பிராடக்ட் டிசைன்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்பாவோ, "சோப்பு டப்பா செய்றதுக்கு நாலு வருசம் காலேஜா?" என்று கேட்டதோடு பேச்சை முடித்துவிட்டார்.

பாடத்திட்டம், கட்டணம், வேலை பற்றியெல்லாம் விசாரித்தாகிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. இந்தப் படிப்பு படித்தவர்கள், அந்த நாட்களில் சந்தித்த ஒரே ஓர் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். தம்பியிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். முடிந்தால் அப்பாவிடமும்.

பட்டறைப் பூனை

அம்பத்தூர் எஸ்டேட்டில் டை, அதாவது பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் அச்சு, செய்யும் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது.

மூன்றாம் வருடம் பிளாஸ்டிக் பாடத்துக்கு அஞ்சறைப்பெட்டியைப் புதிதாக வடிவமைத்தேன். வட்டக் கிண்ணங்களுக்கு நடுவே இடம் வீணாகிறது என்பது என் கண்டுபிடிப்பு. அதனால் சதுர டப்பாக்கள், சுவர்கள் நேர்குத்தாக, ஒன்றை ஒன்று ஒட்டி நின்றால் நடுவே தாள் கூட நுழையாது. மூடி 'டக்' என்று மாட்டிக்கொள்ள உள்பக்கம் ஒரு சின்ன வரப்பு. 3டி பிரிண்ட் எடுத்து வெள்ளைப் பெயின்ட் அடித்ததும் கடையில் வாங்கிய சாமான் போலவே இருந்தது. வகுப்பே பாராட்டியது. ஆசிரியர் மட்டும், "ஊருக்குப் போகும்போது ஒரு டை மேக்கரிடம் காட்டிக் கொட்டேஷன் வாங்கி வா, அப்புறம் மார்க் போடுகிறேன்" என்றார்.

தீபாவளி லீவில் போனேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்தார், விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார்.

"இது எப்படிம்மா வெளிய வரும்?"

நான் மூடியைத் திறந்து, ஸ்பூன் போடும் இடத்தைக் காட்டி, மிளகு சீரகம் எடுப்பதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டப்பாலேருந்து மிளகு எப்படி வரும்னு கேக்கல. டைக்குள்ளேருந்து டப்பா எப்படி வரும்?"

நான் முழித்தேன். "வீட்ல டம்ளர் இட்லி செய்வாங்களா?" என்றார். செய்வார்கள். "கவுத்தா ஏன் வழுக்கிட்டு வருது? டம்ளரு மேல அகலம், கீழ குறுகல். அதையே நேரா இருக்கிற குழாய்ல ஊத்தி வேக வச்சு எடுத்துப் பாரு."

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அந்த வருடத்தின் வகுப்பு. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், சுருங்கி உள்ளே இருக்கும் 'கோர்' என்ற அச்சுத் துண்டைக் கவ்விப் பிடிக்கும். சுவர் நேராக இருந்தால், டப்பாவை வெளியே தள்ளும் கம்பி (எஜெக்டர் பின்) எவ்வளவு தள்ளினாலும் உரசிக்கொண்டுதான் வரும், கீறல் விழும், சில சமயம் அடியே வெளுத்துப்போகும். குறைந்தது ஒரு டிகிரி சரிவு வேண்டும். ஒரு டிகிரிதானே என்று நினைத்தேன். பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். என் டப்பாவின் உயரம் 60 மில்லிமீட்டர். ஒரு டிகிரி சாய்த்தால் அடியில் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும். பக்கத்து டப்பாவும் அப்படியே. ஆக நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. தாள் நுழையாது என்ற என் பெருமை அந்தப் பில்லோடு போனது.

இன்னும் விடவில்லை. பலத்துக்காக அடியில் ரிப் (விலா எலும்பு போன்ற பட்டை) வைத்திருந்தேன். சுவர் 2 மில்லி, ரிப் 3 மில்லி. தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பி, முதுகில் லேசாகக் குழிந்த கோடுகளைத் தடவச் சொன்னார். ரிப் தடிமனாக இருந்தால் அந்த இடம் கடைசியாக ஆறும், வெளிப்பக்கத்தை உள்ளே இழுத்துவிடும். ரிப் சுவரில் பாதி இருந்தால் போதும் என்றார். மூடியின் வரப்பைப் பார்த்ததும் சிரித்தார். அதற்கு டைக்குள் தனியாக நகரும் ஒரு துண்டு (ஸ்லைடு) வேண்டும், செலவு ஏறும். "பி.பி.ன்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், வரப்பைச் சின்னதாக்கி மழுப்பிடு, இழுத்தா வந்துரும்." நான் எந்தப் பிளாஸ்டிக் என்றே முடிவு செய்திருக்கவில்லை.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தொகையைச் சொன்னார். அதை என் வீட்டில் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்து சரிவை ஒளித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் சரிவையே வேலை வாங்கினேன்: காலி டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி மாற்றினேன். மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவர், "ஏன் சுவர் சாய்ந்திருக்கிறது, நேராக இருந்தால் அழகாக இருக்குமே?" என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டினேன்.

கோலிகுண்டு

பூனை, நீங்கள் பரவாயில்லை, உங்கள் டப்பாவைச் சாய்த்தால் போதுமாக இருந்தது. என் பொம்மை பிறக்கவே வழியில்லை.

கைவினை ஆவணப் பாடத்துக்காக இரண்டு வாரம் சென்னபட்டணாவில் இருந்தேன். பெங்களூர்–மைசூர் சாலையில் இருக்கும் ஊர், மரப் பொம்மைக்குப் பேர்போனது. மரம் நம் ஊர் வெட்பாலைதான், வெளுப்பாக, இழை தெரியாமல் வழவழப்பாக இருக்கும். லேத்தில் சுற்றும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவிவிடும். அப்புறம் தாழை இலையை வைத்து அழுத்தினால் பளபளப்பு வரும். அடுப்பு இல்லை, பிரஷ் இல்லை. முதல் நாள் வாயைப் பிளந்து பார்த்தேன்.

நான் வரைந்து கொண்டுபோனது சதுரமான பஸ். கடைக்கார பாய் (உருது, கன்னடம், பெங்களூர் வியாபாரிகளிடம் கற்ற கொஞ்சம் தமிழ்) தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, லேத்துல சுத்தினா எல்லாம் உருண்டைதான் வரும்." ரம்பத்தால் அறுத்துத் தேய்க்கலாமே என்றேன். தேய்க்கலாம், ஆனால் தட்டையான பக்கத்தில் அரக்கு எப்படி ஏறும்? சுற்றினால்தானே சூடு. கையால் பெயின்ட் அடித்தால் அது இந்த ஊர்ப் பொம்மை இல்லை. அடுத்து, "ஒரு நாளைக்கு எத்தனை செய்யணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டிருக்கவில்லை.

அவரே பீப்பாய் மாதிரி ஓர் உருளையைக் கடைந்து, மேலே குழி போட்டு, பயணிகளாகக் குட்டிக் குட்டிக் குச்சி மனிதர்களைச் செருகினார். அழகாக இருந்தது. 22 மில்லி அகலம், 35 உயரம் என்று நான் அளவெடுத்துக்கொண்டேன். பாய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிவிட்டு, "இது என் பேத்தி வாய்க்குள்ள போயிரும்" என்று பழைய மரத்தூள் கூடையில் போட்டார்.

அடுத்த மாதம் வகுப்பில் பொம்மைப் பாதுகாப்பு எடுத்தார்கள். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனைக் குழல் உண்டு, விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தப் பாகமும் அதற்குள் முழுசாக விழக் கூடாது. 2021 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்குத் தரச் சான்றும் கட்டாயம் (பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது). என் குச்சி மனிதனைப் போட்டுப் பார்த்தேன். 'தொபுக்'கென்று அடியில் போய் நின்றான். இப்போது எல்லாரும் 38 மில்லி அகலம், கொஞ்சம் தொப்பையோடு இருக்கிறார்கள்.

நெல்லைச் செம்பு

எனக்கு ஆள் எங்கள் ஆச்சிதான், அதுவும் போனில்.

அரசு அழைத்து வந்த அமெரிக்க டிசைனர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1961-இல் அகமதாபாத் என்.ஐ.டி. பிறந்தது என்று எல்லா டிசைன் மாணவருக்கும் சொல்வார்கள். இந்தியாவில் பார்த்த பொருட்களிலேயே அவர்கள் தூக்கி வைத்துப் பேசியது லோட்டாவை, அதாவது நம் செம்பை. முதல் வருடத்தில் ஆளுக்கொரு செம்பு கொண்டுவரச் சொல்லி, அதன் ஒவ்வொரு வளைவும் ஏன் என்று எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு பக்கத்தோடு நின்றபோது நான் நாலு பக்கம் எழுதினேன். அண்ணாந்து குடிப்பவனுக்குத்தான் தெரியும், விளிம்பு வெளியே மடங்கியிருக்காவிட்டால் தண்ணீர் மூக்கில்தான் விழும். கை உள்ளே போய்ப் புளி போட்டுத் தேய்க்கிற அளவு வாய். தளும்பாத கழுத்து.

பெருமையாக ஆச்சிக்கு போன் போட்டு, இதை யார் வடிவமைத்தார்கள் தெரியுமா என்று கேட்டேன். "பாத்திரக்காரன் கொண்டாந்தான், நான் தட்டிப் பாத்து வாங்கினேன்" என்றாள். எதற்குத் தட்டினாய்? "மெல்லிசா கெட்டியான்னு சத்தத்துல தெரியும்லா." ஈம்ஸ் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். செம்பைப் பற்றிய கேள்விகளில் அது எழுப்பும் சத்தமும் இருந்தது. என் நாலு பக்கத்தில் இல்லை.

ஜன்னலோரம்

எல்லாரும் பொருள் செய்கிறவர்களையே சொல்கிறீர்கள். என்னைத் திருத்தியது டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டி. கைப்பிடிக் கம்பி என் புராஜெக்ட். உயரத்தை என் உடம்பை வைத்தே அளந்தேன், நான் 178 செ.மீ. மாதிரிக் கம்பியைப் பிடிக்கச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ராசா, இது வேட்டி காயப்போடவா?" என்றார். அதற்கப்புறம்தான் நூலகத்தில் இந்திய உடலளவுத் தொகுப்பை (என்.ஐ.டி. 1997-இல் வெளியிட்டது) எடுத்தேன். எட்டிப் பிடிக்கிற பொருளுக்குக் குட்டையானவர் கணக்கு, நுழைகிற வாசலுக்கு நெட்டையானவர் கணக்கு. ஒரு வரிதான், ஆனால் நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

சேலத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அப்பா செம்புக் கதையை மட்டும் இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. தம்பி நேற்றிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டோடு சமையலறை வாசலில் நிற்கிறான். மாவு தர முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார்.