லைசென்ஷியஸுக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்?

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில், வீட்டிலேயே ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று ஒரு பையன், "டீச்சர், லைசென்ஷியஸ் என்றால் மோட்டார் லைசென்ஸ் வைத்திருப்பவரா?" என்றான். சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயம்தான். லைசென்ஷியஸ் (licentious) என்றால் பாலியல் ஒழுக்க வரம்பை மீறுகிற என்று பொருள் என்றாலும், இரண்டுக்கும் வேர் ஒன்றே: 'அனுமதி உண்டு' என்னும் லத்தீன் 'லிசேரே'. ஓய்வைக் குறிக்கும் 'லெஷர்'கூட அங்கிருந்து வந்ததுதான். அனுமதி மிஞ்சினால் அத்துமீறல் என்று ஒருவழியாகச் சமாளித்தேன்.

அப்புறம், அப்படி வரம்பில்லாமல் வாழும் ஆளைக் குறிக்கும் 'லிபர்ட்டைன்' (libertine) வந்தது. அது வேறு குடும்பம், 'லிபர்ட்டி'யின் பங்காளி. ரோமில் விடுதலை பெற்ற அடிமையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. 'காமுகன்' என்று பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'கட்டற்றவன்' என்றால் பாராட்டு போல ஒலிக்கிறது. 'தறிகெட்டவன்' சரியா? லைசென்ஷியஸ், லிபர்ட்டைன் இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் இருந்தால் சனிக்கிழமை வகுப்புக்குள் சொல்லுங்களேன்.